வயல் வெள்ளை பூப்பதற்கு உரம்தான் காரணமா?

“ரங்கூனுக்குப் பக்கத்திலுள்ள சிரியத்துக்குத் தெற்கே தாத்தா காலத்து வயல் 7 ஏக்கர் இருக்கிறது. நாலைந்து வருடமாகக் கோடையில் மண்ணின் மேல் வெள்ளை பூத்துக்கொண்டே வருகிறது, விளைச்சலும் குறைகிறது. உலகம் முழுக்க விளைநிலம் கெடுவதற்கு ரசாயன உரம்தான் காரணம் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். எங்கள் வயலுக்கும் அதுதானா? உரத்தை நிறுத்திவிட்டால் நிலம் திரும்பிவிடுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் புரிந்த வரையில் உங்கள் கேள்வியின் உள்ளே இன்னொரு கேள்வி இருக்கிறது. ஆப்பிரிக்காவிலும் சீனாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நம் பர்மாவிலும் நிலத்துக்கு வந்திருப்பது ஒரே நோய்தானா, ஒரே மருந்து போதுமா என்பது அது. போதாது. நீங்கள் சொல்லும் அறிகுறியை வைத்துப் பார்த்தால், உரத்தை நிறுத்துவதால் உங்கள் வயலில் அந்த வெள்ளை போகாது. ஏன் என்று சொல்லக் கொஞ்சம் சுற்றி வர வேண்டியிருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள்.

நான் 31 வருடம் விவசாயத் துறையில் மண் பரிசோதனை வேலை பார்த்தவன். பெகுவில் ஆரம்பித்து, ஐராவதி டெல்டாவில் நீண்ட காலம், நடுவில் 5 வருடம் மக்வே பக்கம். பர்மாவின் மண்ணைப் பற்றி நான் சொல்வது கையால் தோண்டிப் பார்த்தது. ஆப்பிரிக்காவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ நான் போனதில்லை. அங்கத்திய விஷயம் எல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது, அதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

விவசாயி ஒருவர் நிலம் கெட்டுவிட்டது என்று வந்து நின்றால் நான் முதலில் உரத்தைப் பற்றிக் கேட்க மாட்டேன். உங்கள் நிலத்தில் விழுகிற தண்ணீர் எங்கே போகிறது என்றுதான் கேட்பேன். மேலாக ஓடிப்போனால் மண்ணைத் தூக்கிக்கொண்டு போகும். கீழே இறங்கினால் சத்தையும் சுண்ணாம்பையும் கரைத்துக்கொண்டு இறங்கும், மண் புளித்து அமிலமாகிப்போகும். இறங்க வழியில்லாமல் நின்று, வெயிலில் ஆவியானால் உப்பை விட்டுவிட்டுப் போகும். தண்ணீரே வராவிட்டால் காற்று வந்து மேல்மண்ணை அள்ளும். உலகத்தில் எந்த ஊர் நிலத்தை எடுத்தாலும் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்று, அல்லது இரண்டு சேர்ந்து நடந்திருக்கும். இதில் சேராத முக்கியமான கேடு ஒன்று உண்டு, அறுவடையோடு சத்து வெளியே போய்த் திரும்பி வராமல் இருப்பது. அதைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் வயல் உப்பு சம்பந்தப்பட்டது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். நல்ல தண்ணீர் என்று நாம் சொல்லும் வாய்க்கால் தண்ணீரிலும் உப்பு இருக்கிறது. லிட்டருக்கு அரை கிராம் உப்பு இருந்தால் நாக்குக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு வருடத்தில் ஒரு மீட்டர் உயரத்துக்கு அந்தத் தண்ணீரைப் பாய்ச்சினால், ஏக்கருக்கு 2 டன் உப்பு வயலுக்குள் வந்துவிடுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஓர் ஏக்கர் 4,047 சதுர மீட்டர். பயிர் தண்ணீரைக் குடிக்கும், உப்பைப் பெரும்பாலும் தொடாது. அதைக் கீழே கழுவித் தள்ளத் தண்ணீரும், கழுவிய தண்ணீர் வெளியேற வடிகாலும் இருந்தால் பிரச்சினை இல்லை. வடிகால் இல்லாவிட்டால் நிலத்தடி நீர் மேலே ஏறும். அது ஒன்று, ஒன்றரை மீட்டருக்குள் வந்துவிட்டால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது மாதிரி மண்ணின் நுண்ணிய துளைகள் வழியாகத் தண்ணீர் மேலே வந்து ஆவியாகும், உப்பு மேலே தங்கும். நீங்கள் பார்க்கிற வெள்ளை இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

சிந்து நதிச் சமவெளியில் இது மிகப் பெரிய அளவில் நடந்தது. பிரிட்டிஷ்காரர்கள் பஞ்சாபிலும் சிந்துவிலும் பிரம்மாண்டமான வாய்க்கால்களை வெட்டினார்கள், வடிகாலுக்கு அந்த அளவு செலவழிக்கவில்லை. வாய்க்கால் கசிந்து கசிந்து, ஆழத்தில் இருந்த நிலத்தடி நீர் சில பத்தாண்டுகளில் வேர் மட்டத்துக்கு ஏறியது. பாகிஸ்தான் 1960-களில் ஆயிரக்கணக்கான ஆழ்குழாய்க் கிணறுகளைப் போட்டு அந்த நீரை இறைத்துக் கீழே இறக்கப் பாடுபட வேண்டியிருந்தது. மத்திய ஆசியாவில் ஆமு தரியா, சிர் தரியா என்ற இரண்டு ஆறுகளையும் பருத்திக்குத் திருப்பினார்கள். ஏரல் கடல் வற்றியதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். படத்தில் தெரியாத பாதி, அந்தப் பருத்தி வயல்களே உப்பேறியதுதான். இன்றும் உஸ்பெகிஸ்தான் விவசாயிகள் விதைப்புக்கு முன்னால், குளிர்காலத்தில், உப்பைக் கழுவுவதற்கென்றே வயலில் தண்ணீர் கட்டுகிறார்கள்.

இதற்கு நேர்மாறான கதை மேற்கு ஆஸ்திரேலியாவில். அங்கே பாசனமே இல்லை, மழையை நம்பிய கோதுமை. ஆனாலும் நிலம் உப்பேறுகிறது. பல்லாயிரம் வருடமாகக் கடல் காற்றும் மழையும் கொண்டுவந்த உப்பு அடிமண்ணில் தங்கிக் கிடந்தது. ஆழமாக வேர்விட்ட யூகலிப்டஸ் காடுகள் பெய்த மழையை எல்லாம் குடித்துவிட்டதால் அந்த உப்பு அசையவில்லை. காட்டை வெட்டிக் கோதுமை போட்டார்கள். கோதுமையின் வேர் குட்டை, வருடத்தில் சில மாதம்தான் வயலில் நிற்கும். குடிக்க ஆளில்லாத தண்ணீர் கீழே போய் நிலத்தடி நீரை உயர்த்தியது, அது உப்பையும் தூக்கிக்கொண்டு பள்ளங்களில் வந்து வெளிப்பட்டது. வுட் என்ற ரயில்வே பொறியாளர் ஒருவர் 1924-இலேயே இதைக் கட்டுரையாக எழுதிவிட்டார். அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் காட்டை வெட்டிக்கொண்டே இருந்தார்கள். அங்கே போய் உரத்தை நிறுத்துங்கள் என்று சொல்லி என்ன பயன்?

உப்பைப் பற்றிப் பேசும்போது பழைய மெசபடோமியா எப்போதும் வந்துவிடும். சுமேரிய நாகரிகம் உப்பால்தான் அழிந்தது என்று அந்தக் காணொளியிலும் சொல்லியிருக்கலாம். தோர்கில்ட் ஜேக்கப்சன், ராபர்ட் ஆடம்ஸ் என்ற இருவர் 1958-இல் அப்படி எழுதினார்கள். அங்கே கோதுமை குறைந்து, உப்பைத் தாங்கும் பார்லி கூடியதைக் களிமண் பலகைக் கணக்குகளிலிருந்து காட்டினார்கள். பின்னால் வந்தவர்கள் அந்தக் கணக்கை வேறு மாதிரியும் படிக்கலாம் என்று மறுத்தார்கள். மண்ணில் உப்பு ஏறியது நம்பத்தக்கது. ஒரு நாகரிகமே அதனால் விழுந்தது என்பது இன்னும் விவாதத்தில் இருக்கும் விஷயம்.

நம் டெல்டாவுக்கு வருகிறேன். இங்கே உப்பு வாய்க்காலில் வருவதில்லை, கடலிலிருந்து நேராக வருகிறது. வருடத்துக்கு 100 அங்குலத்துக்கு மேல் மழை பெய்கிற நிலம் இது. மழைக்காலத்தில் ஆறு கடலைப் பின்னுக்குத் தள்ளும், கோடையில் ஆறு மெலியும்போது கடல் ஓடைகள் வழியாக உள்ளே ஏறி வரும். இந்த இழுபறி எப்போதும் இருந்ததுதான். நடுவில் நின்று காத்தவை அலையாத்திக் காடுகள். செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கிட்ட ஓர் ஆய்வின்படி, ஐராவதி டெல்டாவில் 1978-இல் 2,623 சதுர கிலோமீட்டர் இருந்த அலையாத்திக் காடு 2011-இல் 938 ஆகக் குறைந்துவிட்டது. விறகுக்கும் கரிக்கும் போனது ஒரு பங்கு, பெரும்பங்கு நெல் வயலாக மாறியது. வயலுக்காக வெட்டிய காடுதான் வயலைக் காத்துக்கொண்டிருந்தது. 2008 மே 2-ஆம் தேதி இரவு நர்கிஸ் புயல் வந்தபோது லபுட்டா, போகலே, பியாபோன் பக்கம் கடல் எவ்வளவு தூரம் உள்ளே வந்தது என்பதை இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு பெயர் இருக்கிறது.

அந்த வருடம் ஜூன் மாதம் முதல் மண் மாதிரி எடுத்துக்கொண்டு அலைந்தேன். நான் பார்த்ததைச் சொல்கிறேன். வாய்க்கால் திறந்திருந்த வயல்களில் அந்த மழைக்காலமே மேல்மண் உப்பில் பெரும்பகுதியைக் கழுவிவிட்டது. மரமும் மண்ணும் விழுந்து வாய்க்கால் அடைபட்ட இடங்களில்தான் உப்பு தங்கியது. இரண்டு வயலுக்கும் நடுவில் ஒரே ஒரு வரப்பு, ஒரு பக்கம் நெல் பச்சையாக நிற்கிறது, மறுபக்கம் நாற்று நுனி கருகி நிற்கிறது. இரண்டு பேரும் ஒரே விதை, ஒரே உரம். அன்றைக்கு வடிகாலைப் பற்றி நான் படித்ததெல்லாம் ஒரே பார்வையில் புரிந்தது.

இன்னொன்று என் சொந்த வீட்டு விஷயம். என் மச்சானுக்கு ஓடைக்கரையில் 4 ஏக்கர். ஓடை முகப்பில் இருந்த மதகின் பலகை உளுத்துப்போய், கோடையில் கடல் ஏற்றத்தண்ணீர் உள்ளே வர ஆரம்பித்தது. சரிசெய்ய வேண்டிய அலுவலகத்துக்கு மூன்று வருடம் மனு கொடுத்தார், நானும் உடன் போனேன். பலகை வந்தபோது வயல் வெள்ளை பூத்து முடிந்திருந்தது. மதகு சரியான பிறகு, மழைத்தண்ணீரைத் தேக்கி வடித்து, தேக்கி வடித்து, நிலத்தைத் திருப்ப மூன்று பருவம் பிடித்தது. ஒரு தேக்குப் பலகைக்காக அந்தக் குடும்பம் பட்ட பாடு எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் நிலம் கெடுவதை இயற்கையின் மேல் மட்டும் போடும்போது எனக்குக் கோபம் வருகிறது.

டெல்டாவில் உப்போடு குழப்பிக்கொள்கிற வேறு ஒரு நோயும் இருக்கிறது. அலையாத்தி நின்ற பழைய சேற்றுக்குள் இரும்பும் கந்தகமும் சேர்ந்த ஒரு தாது இருக்கும். தண்ணீருக்கு அடியில் இருக்கிற வரை அது சாதுவாகக் கிடக்கும். வடித்துக் காய விட்டாலோ, ஆழமாக வெட்டி மேலே போட்டாலோ, காற்றுப் பட்டுக் கந்தக அமிலமாகிவிடும். வாய்க்கால் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்து, மேலே துருப் படலம் மிதக்கும். மண்ணை உடைத்தால் வைக்கோல் நிற மஞ்சள் திட்டுகள் தெரியும். வியட்நாமின் மீகாங் டெல்டாவில் இந்த நிலம் மிக அதிகம், நம்மிடமும் உண்டு. இதற்கு வடிகால் வெட்டினால் நோய் கூடும். உப்புக்கு வடிகால் மருந்து, இதற்கு அதே வடிகால் விஷம். மண்ணைப் பார்க்காமல் மருந்து சொல்ல மாட்டேன் என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான்.

மக்வே பக்கம் போனால் கதையே வேறு. அங்கே மழை 40 அங்குலத்துக்குக் கீழே, பல இடங்களில் 30-ஐக்கூடத் தொடாது. எள், நிலக்கடலை, துவரை போடுகிற மணல் கலந்த யா நிலம், அதாவது மழையை நம்பிய மேட்டு நிலம். மழை குறைவுதான், ஆனால் வரும்போது மொத்தமாகக் கொட்டும். எள் விதைப்பதற்காக உழுது பொடியாக்கிய மண்ணின் மேல் முதல் மழை விழும்போது மூடுவதற்கு ஒரு இலை கிடையாது. ஒரு மழையில் ஒரு மில்லிமீட்டர் மண் போனால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது ஏக்கருக்கு 5 டன். அப்படி வருடத்துக்கு நாலைந்து மழை போதும், ஒரு தலைமுறையில் கடலைச் செடியின் வேருக்குக் கீழே கல் தட்டுப்பட ஆரம்பிக்கும். 5 வருடத்தில் ஒரு வண்டிப்பாதை ஓடையானதை நானே பார்த்திருக்கிறேன்.

அந்த வறண்ட பகுதி அப்படி ஆனதற்குப் பகான் என்ற பழைய தலைநகரின் கோயில்கள்தான் காரணம் என்று ஒரு கதை உண்டு. ஆயிரக்கணக்கான கோயில்களுக்குச் செங்கல் சுடக் காட்டை எல்லாம் வெட்டி எரித்தார்கள், அதனால் மழை போய்விட்டது என்பார்கள். என் ஆசிரியர்களில் ஒருவரே இதை வகுப்பில் சொன்னார். மழை அங்கே குறைவதற்கு அரகான் மலைத்தொடர் முக்கியக் காரணம் என்பது உறுதி. தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தை மலையின் அந்தப் பக்கமே கொட்டிவிட்டு வருகிறது. மலை பகானுக்கு முன்பிருந்தே அங்கே நிற்கிறது. செங்கல் சூளைகள் அக்கம்பக்கத்துக் காட்டைத் தின்றிருக்கலாம், ஆனால் வறட்சியை அவை உண்டாக்கின என்பதற்கு ஆதாரம் பலமாக இல்லை. இன்று அங்கே மண் போவதற்கு விறகு வெட்டு, மேய்ச்சல், சரிவில் மேலும் கீழுமாக உழுவது, இவைதான் கண்ணெதிரே தெரிகிற காரணங்கள்.

ஷான் மலைகளிலும் மண் அரிப்புதான், ஆனால் தொடங்கிய விதம் வேறு. முன்பு ஒரு சரிவில் ஒன்றிரண்டு வருடம் பயிர் செய்துவிட்டுப் பல வருடம் காடாக விட்டுவிடுவார்கள். கலப்பின மக்காச்சோளம் வந்து, விதையும் உரமும் கடனாகக் கிடைத்து, சீனச் சந்தை திறந்ததும், காடாக விடும் வழக்கம் பல இடங்களில் நின்றுபோனது. செங்குத்தான சரிவிலும் வருடா வருடம் சோளம், தட்டையை எரித்துவிட்டு மறுபடியும் சோளம். அந்த மலைகளில் கரைகிற மண்ணில் ஒரு பங்கு இன்லே ஏரிக்கு வருகிறது. ஏரியின் திறந்த நீர்ப்பரப்பு 1935-இல் 69 சதுர கிலோமீட்டர், 2000-இல் 47-க்கும் கொஞ்சம் கீழே. இதிலும் ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். சுருங்கியதில் பெரும்பங்கு ஏரிக்குள்ளேயே பெருகிய மிதக்கும் தக்காளித் தோட்டங்களால் வந்தது என்று அளந்தவர்கள் சொல்கிறார்கள். மலைக்காரர்கள் மேல் மட்டும் பழி போடுவது நியாயமில்லை.

அமெரிக்காவின் 1930-களின் புழுதிப் புயல்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் நீட்டவில்லை. புல்வெளியை உழுது கோதுமை போட்டார்கள், வறட்சி வந்தது, மூடுவதற்கு எதுவும் இல்லாத மண்ணைக் காற்று எடுத்துக்கொண்டது. சீனாவின் மஞ்சள் மண் பீடபூமி இன்னும் பழைய புண். மஞ்சள் ஆற்றுக்கும் மஞ்சள் கடலுக்கும் அந்தப் பெயரே அந்த மண்ணால் வந்தது. ஆனால் 1990-களின் நடுவிலிருந்து படிக்கட்டு வயல் வெட்டி, செங்குத்துச் சரிவில் பயிரை நிறுத்தி, மேய்ச்சலைக் கட்டுப்படுத்தி, அங்கே பல இடங்களைப் பச்சையாக்கியிருக்கிறார்கள். கெட்ட நிலம் திரும்பாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இப்போது உரத்துக்கு வருவோம். உரத்தால் மண் கெட்ட இடம் உண்டா? உண்டு, மறைக்க வேண்டியதில்லை. சீனாவின் விளைநிலங்களில் 1980-களுக்கும் 2000-களுக்கும் நடுவில் புளிப்பு கணிசமாகக் கூடிவிட்டது என்று 2010-இல் வந்த பெரிய ஆய்வு காட்டியது. அளவுக்கு மீறிய தழைச்சத்து (நைட்ரஜன்) உரம்தான் முக்கியக் காரணம். யூரியாவும் அம்மோனியம் உரங்களும் மண்ணில் மாறும்போது அமிலம் உண்டாகும், இது பாடப்புத்தக வேதியியல். ஆனால் சகாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்காவில் நோய் இதற்கு எதிர்த்திசை. அறுவடையோடு சத்து வெளியே போகிறது, திரும்பிப் போட உரம் வாங்கக் காசில்லை. 2006-இல் அபுஜாவில் கூடிய ஆப்பிரிக்க நாடுகள், ஹெக்டேருக்கு 8 கிலோ என்ற அளவில் இருந்த உரத்தை 50 கிலோ ஆக்குவோம் என்று தீர்மானம் போட்டன. ஹெக்டேருக்கு வருடம் 22 கிலோ தழைச்சத்து அங்கே குறைகிறது என்று ஒரு எண்ணைப் பல இடங்களில் பார்ப்பீர்கள். அது பல நாடுகளுக்கும் சேர்த்துப் போட்ட மதிப்பீடு, கணக்கிட்ட முறையைப் பற்றி விவாதம் உண்டு, ஒரு வயலுக்கு அதை எடுத்துப் பொருத்த முடியாது. திசை மட்டும் சரி, வரவைவிடச் செலவு அதிகம்.

நம் பர்மாவும் உரப் பயன்பாட்டில் பல பத்தாண்டுகள் ஆசியாவின் கடைசி வரிசையில் இருந்த நாடுதான். நெல்லை விற்றுவிட்டு வைக்கோலையும் எரித்தால், பயிர் எடுத்த சாம்பல்சத்தில் (பொட்டாசியம்) பெரும்பங்கு நிலத்துக்குச் சரியாகத் திரும்புவதில்லை. காற்றும் முதல் மழையும் சாம்பலைக் கொண்டுபோய்விடும். பெகு பக்கம் நெல்லுக்குப் பின் உளுந்தும் பச்சைப்பயறும் போடுகிறோமே, அது தழைச்சத்தைக் கொஞ்சம் ஈடுகட்டும், மற்ற சத்துகளைக் கட்டாது. உரத்தை ஒரேயடியாக நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை 2021-இல் இலங்கை பார்த்தது. ஒரே பருவத்தில் இறக்குமதியைத் தடைசெய்தார்கள், நெல் விளைச்சல் பெரிய அளவில் சரிந்தது, அந்த வருட நவம்பரிலேயே தடையைத் தளர்த்தினார்கள். தொழு உரமும் பசுந்தாளும் நான் வாழ்நாள் முழுக்கப் பரிந்துரைத்தவை. அவற்றை ஊன்ற வைத்துவிட்டுத்தான் மூட்டை உரத்தைக் குறைக்க வேண்டும், முன்னால் குறைத்தால் குடும்பம் பட்டினி கிடக்கும்.

உலக நிலத்தில் இத்தனை பங்கு கெட்டுவிட்டது என்று வரும் எண்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1990-ஐ ஒட்டி வந்த முதல் உலக வரைபடம் கிட்டத்தட்ட 200 கோடி ஹெக்டேர் என்றது, அதில் பாதிக்கு மேல் தண்ணீர் அரிப்பு. அது அந்தந்த நாட்டு வல்லுநர்களின் மதிப்பீட்டைத் தொகுத்தது, அளந்தது இல்லை. 2008-இல் செயற்கைக்கோளில் பச்சையை அளந்து, 1981-க்கும் 2003-க்கும் இடையில் 24% நிலப்பரப்பு தேய்ந்திருக்கிறது என்றார்கள். இரண்டு வரைபடங்களையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் பெரும்பாலான இடங்களில் பொருந்தவில்லை. இரண்டும் வேறு வேறு விஷயத்தைப் பார்த்தன. இன்னும் 60 அறுவடைதான் மிச்சம் என்று ஒரு வாசகம் சுற்றுகிறதே, அதற்குப் பின்னால் எந்த ஆய்வும் இல்லை. உண்மையாகவே அளந்த ஓர் ஆய்வு 38 நாடுகளில் 255 இடங்களை எடுத்துக்கொண்டது. வழக்கமான முறையில் உழுத மண்களில் 16% நூறு வருடம்கூடத் தாங்காது என்றது, மூடுபயிர் போட்டுக் காத்த இடங்களில் மண் கூடியும் வந்தது என்றது. பயப்பட அதுவே போதும், 60-ஐச் சொல்லி மிரட்ட வேண்டியதில்லை.

தண்ணீர், உப்பு, உரம் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கேள்வி இருக்கிறது, நிலம் யாருடையது என்பது. இதைப் பேசாமல் விட்டால் பாதிதான் பேசியதாக ஆகும். அடுத்த வருடம் இந்த வயல் எனக்கு இருக்குமா என்று தெரியாதவர் வரப்பை உயர்த்த மாட்டார், வாய்க்கால் தூர்வார மாட்டார். 1930-களில் விலை சரிந்தபோது கடனுக்கு ஈடாக நிலங்கள் கைமாறி, 1937 வாக்கில் கீழ் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் நாலில் ஒரு பங்கு செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. அவர்கள் நிலம் வேண்டும் என்று வந்தவர்கள் இல்லை, கொடுத்த பணம் திரும்பாமல் நிலமாக நின்றது. ஆனாலும் உழுதவர் குத்தகைக்காரர், சில வருடத்துக்கு ஒருமுறை இடம் மாறுகிறவர். அந்த ஏற்பாட்டில் மண்ணைப் பேண யாருக்கும் காரணம் இருக்கவில்லை. நம் ஆட்களுக்கும் அதில் பங்கு உண்டு என்று ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. பிறகு நிலம் அரசுடைமை ஆனது. என்ன பயிர் போட வேண்டும், எவ்வளவு நெல் அளக்க வேண்டும் என்று மேலிருந்து சொன்னார்கள். அதிலும் மண்ணைப் பேணிய விவசாயிக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

இதே விஷயம் நைஜர் நாட்டில் தலைகீழாக நடந்தது, எனக்கு மிகப் பிடித்த உதாரணம். காலனி ஆட்சிக் காலத்திலிருந்து வயலில் முளைத்த மரம் அரசுக்குச் சொந்தம் என்று சட்டம் இருந்தது. விவசாயிகள் கன்றாக இருக்கும்போதே பிடுங்கிவிடுவார்கள். 1980-களில் அந்தப் பிடி தளர்ந்து, மரம் தங்களுடையது என்று நம்பிக்கை வந்ததும், அடிக்கட்டையிலிருந்து தானாகத் துளிர்த்ததைக் காக்க ஆரம்பித்தார்கள். நாற்றங்கால் இல்லை, பெரிய திட்டம் இல்லை, சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரம் நின்றது. அந்தப் பகுதியைத்தான் பாலைவனம் விழுங்குகிறது என்று 1970-களில் உலகம் சொல்லிக்கொண்டிருந்தது. மழை திரும்பியதற்கும் இந்தப் பச்சையில் பங்கு உண்டு, எது எவ்வளவு என்பது ஆய்வாளர்களிடையே முடிவாகவில்லை.

சரி, உங்கள் 7 ஏக்கர். சிரியத்துக்குத் தெற்கே என்றால் ஏற்ற ஓடை பக்கத்தில் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். ஏப்ரலில், தண்ணீர்த் திருவிழா சமயம், மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது, வெள்ளை பூத்த இடத்தில் ஒரு குழியும் நன்றாக விளையும் இடத்தில் ஒரு குழியும் இடுப்பளவு வெட்டுங்கள். எத்தனை அடியில் தண்ணீர் ஊறுகிறது என்று மறுநாள் காலையில் அளந்து வையுங்கள். மஞ்சள் திட்டு தெரிந்தால் வடிகால் வேலை எதுவும் தொடங்காமல் முதலில் எனக்குச் சொல்லுங்கள். பிறகு இரண்டு குழியிலிருந்தும் சுண்டைக்காய் அளவு காய்ந்த கட்டி ஒன்று எடுத்து, தனித்தனிக் கண்ணாடித் தம்ளரில் மழைத்தண்ணீர் விட்டு அதில் மெதுவாகப் போடுங்கள். ஆட்டக் கூடாது. ஒரு நாள் கழித்துப் பாருங்கள். கட்டி உதிர்ந்தும் தண்ணீர் தெளிவாக இருந்தால் அது பெரும்பாலும் வெறும் உப்பு. நல்ல தண்ணீரும் வடிகாலும் போதும், ஜிப்சம் வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம். கட்டியைச் சுற்றிப் பால் மாதிரிக் கலங்கி, அந்தக் கலங்கல் தெளியாமலே நின்றால் சோடியம் மண்ணோடு ஒட்டிவிட்டது, அது களர். அதற்கு ஜிப்சம் போட்டுப் பிறகுதான் கழுவ வேண்டும். உப்பு மிக அதிகமாக இருந்தால் களரையும் இந்தச் சோதனை மறைத்துவிடும், அதனால் அந்த மண்ணில் கொஞ்சம் ஆய்வகத்துக்கும் அனுப்புங்கள். உப்பைக் காட்டும் மின்கடத்தும் அளவும் பி.எச். அளவும் மட்டும் கேட்டால் போதும். முதல் அளவு மீட்டருக்கு 3 டெசிசீமென்ஸுக்கு மேல் போகப் போக நெல் விளைச்சல் குறையும், பி.எச். எட்டரையைத் தாண்டினால் களர்ச் சந்தேகம் பலமாகும்.

அதுவரை உரத்தை இப்போது போடுகிற அளவிலேயே போட்டு வாருங்கள். வைக்கோலை எரிக்காதீர்கள், கோடையில் அதை வெள்ளை பூத்த இடத்தின் மேல் பரப்பி வைத்தால் ஆவியாவது குறையும், உப்பு மேலே ஏறுவதும் குறையும். ஏற்றம் வரும் நாளில் ஓடை முகப்புக்குப் போய் மதகின் பலகையை ஒருமுறை கையால் தட்டிப் பாருங்கள். தம்ளரில் தண்ணீர் தெளிந்ததா, கலங்கலாகவே நின்றதா என்று எழுதுங்கள், குழியில் ஊறிய அடியையும் சேர்த்து எழுதினால் அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.